தவமணி அக்காவின் கட்டத்தில் நான் போட்ட சரி

ஐந்து வருடம் ஆட்களைச் சைக்கிளோடும் கப்பலோடும் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்புவதுதான் என் வேலையாக இருந்தது. எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. கப்பல் என்றால் தலைசுற்றிச் சத்தி வரும். லண்டனுக்கு ஒரு கலியாணத்துக்குப் போகிற வழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்ததுதான் நான் கண்ட ஐரோப்பா. இத்தனை தகுதியோடும் 2009இலிருந்து 2013 வரை சிட்னியின் பரமட்டாவில் என் மேசையில் ‘சைக்கிள் – பார்ஜ் விடுமுறை ஆலோசகர்’ என்று பெயர்ப்பலகை இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிப்பை மறைத்துக்கொண்டேன்.

போன கிழமை நிரோஷா போன் எடுத்தாள். என்னிடம் வேலை பழகிய பிள்ளை. இப்போது வேறொரு கொம்பனியில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்.

“அன்ரி, இப்ப ஃபோர்ம் ஒண்டும் இல்லை. எல்லாம் போன் அப்பிலதான். ஒராள் முழு ஃபமிலிக்கும் ஃபில் பண்ணலாம். வன் டிக், ஓல் டன்!”

“ஒரு டிக்கிலை எல்லாருக்குமோ?”

“ஓம் அன்ரி. சூப்பர் ஈஸி.”

புதியவர்களுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டும் என்று கேட்டாள். ஒரு டிக்கால் நான் பட்ட பாட்டை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

வேலை பழகிய கதையைச் சுருக்கிவிடுகிறேன். செவன் ஹில்ஸில் ஒரு பிஸ்கற் பக்டரியில் பதினான்கு வருடம் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினேன். தோள்மூட்டு மக்கர் பண்ணியது. பின்னேர வகுப்பில் விமான டிக்கற் போடப் படித்தேன். ஐம்பத்தேழு வயதில் எவரும் வேலை தரவில்லை, ஒரு சின்னப் பயண அலுவலகம் நடத்திய டொரீன் தந்தார். “பதினான்கு வருடத்தில் எத்தனை லேபலைத் தலைகீழாக ஒட்டினீர்கள்?” என்று நேர்முகத்தில் கேட்டார். “எனக்குத் தெரிந்து ஒன்று” என்றேன். “ஒன்றை ஒத்துக்கொள்கிற ஆள்தான் எனக்கு வேண்டும்” என்று அன்றைக்கே மேசையைக் காட்டிவிட்டார்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நாங்கள் விற்ற சரக்கு என்னவென்று சொல்லவேண்டும். பார்ஜ் என்பது ஒரு காலத்தில் கால்வாய்களில் மண்ணும் நிலக்கரியும் ஏற்றித் திரிந்த தட்டையான படகு. அதை உள்ளே அறை அறையாகப் பிரித்து, குசினியும் சமையல்காரரும் வைத்து, மிதக்கிற விடுதியாக்கி இருப்பார்கள். காலையில் ஆட்கள் வழிகாட்டியோடு சைக்கிளில் கிளம்புவார்கள். கப்பல் தன்பாட்டில் கால்வாய் வழியே போய் அடுத்த ஊரில் காத்து நிற்கும். பின்னேரம் எல்லோரும் வந்து ஏறிச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள். எட்டு நாளும் இப்படித்தான். வீட்டுக்கு முன்னாலுள்ள பால்கடைக்கே காரில் போகிறவர்கள் எல்லாம் இதற்கு ஆசைப்பட்டுப் படியேறி வந்தார்கள்.

டொரீனுக்கு அறுபது தாண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிழை விட்டால் பேனையை மூடி வைத்துவிட்டு, “கமாலா, இதைச் சத்தமாக வாசியுங்கள்” என்பார். கமலா என்ற பெயரை ஐந்து வருடமும் அப்படித்தான் நீட்டினார். சத்தமாக வாசிக்க வாசிக்க நம்முடைய பிழை நம்முடைய காதிலேயே விழும். அதைவிட அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

எங்கள் படிவம் நாலு பக்கம். உயரம், ஹெல்மற் அளவு, சாப்பாடு மரக்கறியா மச்சமா, மருந்து என்ன, எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனிப் படிவம், பதிலும் அவரவர் வாயிலிருந்து வரவேண்டும். அதுதான் டொரீனின் முதல் சட்டம். ஒரேயொரு விதிவிலக்கு வைத்திருந்தார். ‘குறட்டை விடுவீர்களா?’ என்ற கேள்விக்கு மட்டும் பக்கத்தில் படுப்பவர் பதில் சொல்லலாம்.

பெரிய சோதனை கால் உள்ளளவு. இருக்கையை எந்த உயரத்தில் பூட்டுவது என்று அங்கே தெரியவேண்டும். சப்பாத்தைக் கழற்றி, முதுகைச் சுவரோடு ஒட்டி, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் மேலே முட்டும்வரை பிடிக்கவேண்டும். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து நிலம்வரை நான் அளப்பேன். அலுவலகத்தில் கெட்டி அட்டை போட்டிருந்தது ஐரோப்பிய அட்லஸ் ஒன்றுதான். வெள்ளைக்காரர்கள் பகிடி விட்டுக்கொண்டு பிடித்தார்கள். எங்கள் ஆள் ஒருவர், பெரிய கணக்காளர், அட்லஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பிள்ளை, நான் ட்றவுசர் தைக்க வரேல்லை.”

“தெரியும் அண்ணை. இதைப் பிடியுங்கோ.”

“நீர் அங்காலை திரும்பும், நான் பிடிக்கிறன்.”

நான் திரும்பி நின்றால் எப்படி அளப்பது? கடைசியில் அவரே பிடித்து, அவரே குனிந்து அளக்கப் பார்க்க, அட்லஸ் விழுந்து கால் பெருவிரல் வீங்கி, அவர் பயணத்தையே அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டார்.

திரும்பி வந்த ஒவ்வொருவரும் ஓர் அனுபவத் தாள் நிரப்பித் தரவேண்டும். அவற்றை வாசிப்பதுதான் எனக்குச் சம்பளத்துக்கு மேலே கிடைத்த சந்தோஷம். ‘ஒல்லாந்து தட்டையான நாடு என்று சொன்னீர்கள், காற்றைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே’ என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். ‘அறை நன்று, ஆனால் புரண்டு படுப்பதற்கு வெளியே போய்த் திரும்பி வரவேண்டும்’ என்று இன்னொருவர். மரக்கறிச் சாப்பாடு கேட்ட அம்மா ஒருவருக்கு நாலு நாள் மீன் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, ‘மீன் இறைச்சி இல்லையே’ என்றாராம் சமையல்காரர்.

ஒரு தரம் நான் சிரிக்கமுடியாமல் போனதையும் சொல்லவேண்டும். “உங்கள் ஆட்களுக்கும் சொல்லலாமே” என்று டொரீன் சொன்னதால், கோயில் மலரில் தமிழில் ஒரு விளம்பரம் போட்டேன். ‘கப்பலில் எட்டு நாள். குறைந்த ஆட்கள். நம்பிக்கையான பயணம்.’ கீழே என் நம்பர். அந்த வருடங்களில் சிட்னித் தமிழர் வீடுகளில் கப்பல் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். எனக்கு அது அச்சில் வந்த பிறகுதான் உறைத்தது.

முதல் போன் ஒரு வயதானவர்.

“தங்கச்சி, கப்பல் எங்கையிருந்து வெளிக்கிடுது?”

“அம்ஸ்டர்டாமிலை இருந்து அண்ணை.”

“அவ்வளவு தூரமோ! எத்தினை பேரை ஏத்துவினம்?”

“இருவத்திநாலு பேர்தான். நெருக்கமில்லை.”

“சாப்பாடு?”

“மூண்டு நேரமும் இருக்கு. பின்னேரத்திலை வைனும் குடுப்பினம்.”

“என்ரை பெறாமகன் வந்த கப்பலிலை தண்ணியே இல்லையாம் பிள்ளை. இப்ப வில்லாவுட் அகதி முகாமிலை அடைச்சு வைச்சிருக்கிறாங்கள். அவன்ரை மனுசியையும் பிள்ளையளையும் இஞ்சை எடுக்கத்தான் கேட்டனான்” என்றார். இது உல்லாசப் பயணம் என்று விளங்கப்படுத்தினேன். “உல்லாசத்துக்கும் கப்பல் விடுறாங்களோ” என்று அவர் சிரித்துவிட்டு வைத்தார். நான் மேசையில் அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு எந்த விளம்பரத்திலும் அந்தச் சொல்லை எழுதவில்லை.

இனி என் தலைகீழ் லேபலுக்கு வருகிறேன்.

2011 தொடக்கத்தில் குணரத்தினம் மாஸ்டரும் மனைவி தவமணி அக்காவும் படியேறி வந்தார்கள். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர், செவன் ஹில்ஸில் மகனோடு இருந்தார்கள். கலியாணம் கட்டி நாற்பது வருடம் ஆகிறது என்று மெல்பேர்ணில் டொக்டராக இருக்கும் மகள் இந்தப் பயணத்தை வாங்கிக் கொடுத்திருந்தாள். அம்ஸ்டர்டாமில் ஏறிப் புரூஜில் இறங்குகிற எட்டு நாள். என்னுடைய வேலை படிவத்தை நிரப்புவது மட்டும்.

“ரெண்டு பேருக்கும் சைக்கிளிலை போய்ப் பழக்கமோ மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“பழக்கமோவோ! கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நாங்கள் சைக்கிளிலைதான் போறனாங்கள். சுன்னாகத்திலை ஏறினால் நல்லூரிலைதான் இறங்குவம். இடையிலை ஒரு சோடா குடிக்கவும் நிக்கமாட்டம்.”

தவமணி அக்கா பக்கத்தில் இருந்து தலையை ஆட்டினார், முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு படிவத்திலும் ‘நல்ல அனுபவம்’ என்ற கட்டத்தில் சரி போட்டேன். மாஸ்டரின் வாயால் வந்த பதிலை அக்காவின் படிவத்திலும் போடுகிறேன் என்பது எனக்குத் தெரியாமலில்லை. புருஷன் சொல்ல மனைவி தலையாட்டினால் அது இரண்டு பேர் சொன்னதாகத்தானே நம்மிடையே கணக்கு? சட்டம் வெள்ளைக்காரருக்கு என்று நினைத்துவிட்டேன்.

ஒரேயொரு கேள்வியை மட்டும் அக்காவிடம் நேரே கேட்டேன். “அக்கா, முன்னாலை குறுக்காலை பார் வைச்ச சைக்கிளோ, பார் இல்லாத லேடீஸ் சைக்கிளோ?”

“பார் இருக்கவேணும்” என்றார் உடனே. “எனக்கு அதுதான் பழக்கம்.”

அறுபத்திரண்டு வயதில் ஆம்பிளைச் சைக்கிள் கேட்கிற பொம்பிளை! எனக்குப் புல்லரித்துவிட்டது. டொரீனிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

பயணத்துக்கு ஐந்து கிழமை இருக்கும்போது வாடிக்கையாளரைப் பரமட்டா பார்க்குக்குக் கூப்பிட்டு, வாடகைச் சைக்கிளில் ஒரு சுற்று ஓடவிட்டுக் கோப்பி வாங்கிக் கொடுப்பது டொரீனின் வழக்கம். அந்தச் சனிக்கிழமை மாஸ்டரும் அக்காவும் மட்டும்தான். அக்கா மகள் வாங்கிக் கொடுத்த ட்ராக் சூட் போட்டு, தாலிக்கொடியை உள்ளே விட்டு, ஹெல்மற்றும் கட்டி ஒரு வீராங்கனை கணக்காக வந்தார். பார் வைத்த சைக்கிள் இரண்டு சாய்த்து வைத்திருந்தோம். மாஸ்டர் ஒன்றில் ஏறி, ஒரு காலை நிலத்தில் ஊன்றி, ஒரு கையை ஹான்டிலிலிருந்து எடுத்து வழிவிட்டார்.

தவமணி அக்கா தன்னுடைய சைக்கிளைத் தாண்டி நடந்தார். மாஸ்டரிடம் போனார். ஒரு சின்ன எம்பு எம்பி, பக்கவாட்டில், அவருடைய பாரில் ஏறி இருந்தார். ஹான்டிலின் நடுவை இரண்டு கையாலும் பிடித்தார். கிணிங் கிணிங் என்று மணி அடித்தார். சைக்கிள் புறப்பட்டுவிட்டது.

பார்க்க அழகாய், நல்ல வடிவாகத்தான் இருந்தது. பார்க்கின் பின்பக்கம் புல்லில் ஒரு பெரிய வளைவு எடுத்துத் திரும்பி வந்து எங்களுக்கு முன்னால் இறங்கினார்கள். மாஸ்டருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது, அக்காவுக்கு ஒன்றுமில்லை. டொரீன் கோப்பியை வாயருகே பிடித்தபடி நின்றார். பிறகு கைப்பைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்தார்.

“கமாலா, இதைச் சத்தமாக வாசியுங்கள்.”

வாசித்தேன். மிஸிஸ் தவமணி குணரத்தினம். அனுபவம்: நல்ல அனுபவம். சைக்கிள்: பார் வைத்தது, விரும்பிக் கேட்டது. மரத்தடியில் நின்று அதை வாசித்தபோது பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

“அக்கா, நீங்கள் தனியச் சைக்கிள் ஓடவே மாட்டியளோ?”

“நான் ஓடுவன் எண்டு எப்ப பிள்ளை சொன்னனான்? நாங்கள் போறனாங்கள் எண்டுதானே இவர் சொன்னவர்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. சுன்னாகத்திலிருந்து நல்லூர் வரைக்கும் அவர்கள் போனார்கள்தான். யார் மிதித்தது என்று நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பாதிச் சனம் டபிள்ஸ் போனது என்று தெரிந்தும், கொழும்பில் வெள்ளவத்தையில் பஸ் ஏறி வளர்ந்த எனக்கு அந்த யோசனை வரவில்லை. பக்கத்தில் ஒரு பொம்பிளை உயிரோடு இருக்க, நானும் ஒரு பொம்பிளை, அவரைப் பற்றி அவருடைய புருஷனிடம் கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒல்லாந்துக் கொம்பனியின் விதி கடுமை. டபிள்ஸ் அறவே கூடாது. தெருவில் தனியாக ஓடமுடியாதவர் என்றால் பெயருக்கு நேரே ‘கப்பலில் தங்குபவர்’ என்று எழுதிவிடுவார்கள். எட்டு நாளும் அவர் கப்பலின் மேல்தட்டில் உட்கார்ந்து கால்வாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாலு கிழமைக்குள் நாங்கள் ஓம் அல்லது இல்லை என்று எழுதி அனுப்பவேண்டும்.

“அப்ப அவ கப்பலிலை இருக்கட்டும்” என்றார் மாஸ்டர், கணக்கு ஒன்றை முடித்த மாதிரி. “அவவுக்கு உதெல்லாம் சரிவராது. நான் பாத்திட்டு வந்து எல்லாம் விளங்கப்படுத்துவன்.”

டொரீனுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் மாஸ்டரைப் பார்க்கவில்லை. “அவவைக் கேளுங்கள்” என்றார்.

“அக்கா, உங்களுக்கு என்ன விருப்பம்?”

அக்கா மாஸ்டரைப் பார்த்தார். பழக்கதோஷம். பிறகு தனக்கென்று சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்தார்.

“நாப்பது வருசமா ஆரோ மிதிக்க நான் போய்ப்போட்டன்” என்றார். “ஒருக்கா நான் மிதிக்கவேணும் பிள்ளை.”

அடுத்த நாலு ஞாயிறும் என் பழைய பக்டரியின் கார் பார்க்கில் கழிந்தன. செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு காக்கை இருக்காது, தெருக்களும் நல்ல அகலம். டொரீன் பார் இல்லாத தன்னுடைய சைக்கிளையும் மாஸ்டருக்கு ஒரு வாடகைச் சைக்கிளையும் காரில் கட்டிக் கொண்டு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு. இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்திலே ஓடினது நான். மூன்று கிலோ குறைந்தேன்.

முதல் ஞாயிறு மாஸ்டர் எங்கள் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். “முதலிலை நான் ஓடிக் காட்டுறன். பாத்துப் பழகும்” என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டு மிதித்தார். நேராகப் போனார், நல்ல வேகம். முன்னால் ஒரு மஞ்சள் தூண். அவர் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

“இடப்பக்கம்! இடப்பக்கம்! தூண் அப்பா, தூண்!” என்று அக்கா கத்த, டமார் என்று ஒரு சத்தம்.

ஓடிப் போய்த் தூக்கினோம். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. மாஸ்டருக்கு வலியைவிட ஆத்திரம்தான் கூட.

“நீர் ஏன் முந்தியே சொல்லேல்லை?”

“நான் பாரிலை இருந்தாலெல்லோ முந்திச் சொல்லலாம்!”

அப்போதுதான் விஷயம் வெளியில் வந்தது. நாற்பது வருடமாகத் தெருவைப் பார்த்தது அக்கா. மணி அடித்தது அக்கா. பள்ளம், மாடு, பொலிஸ், எல்லாம் முன்னாலிருந்து அவர்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். “முன்னாலை இவவின்ரை கொண்டை நிண்டால் எனக்கு றோட்டு எங்கை தெரியும்?” என்றார் மாஸ்டர். அவர் குனிந்த தலை நிமிராமல் மிதித்திருக்கிறார், அவ்வளவுதான். நான் டொரீனுக்கு இதைச் சொன்னேன். “அப்படியென்றால் இரண்டு படிவமும் பிழை” என்றார். ஒரு சைக்கிளோட்டியை இரண்டாக வெட்டி, இரண்டு பாதிக்கும் ‘நல்ல அனுபவம்’ என்று நான் சரி போட்டிருந்தேன்.

ஆகவே இரண்டு பேருக்கும் பாடம் நடந்தது. அக்கா சமநிலையில் புலி. பாரில் இருந்து பழகிய உடம்பு, வளைவில் சொல்லாமலே சரியாகச் சாயும். மிதிக்கத்தான் ஞாபகம் வராது. நாலு முழம் உருண்டு, ஆடாமல் அசையாமல் நின்று, அப்படியே ராணி மாதிரிச் சரிவார். கை வேறு தானாக ஹான்டிலின் நடுவுக்குப் போய்விடும். டொரீன் கைப்பிடிகளில் சிவப்பு ஒட்டுநாடா சுற்றி, “சிவப்பு! சிவப்பு!” என்று கத்தினார். மாஸ்டர் தன் பங்குக்குத் தூரத்தில் நின்று, “பாரைப் பாராதையும், றோட்டைப் பாரும்!” என்றார்.

“இதிலை பாரே இல்லை!” என்று கத்திக்கொண்டே அக்கா முதன்முதலாக ஐம்பது யார் தூரம் மிதித்தார். கோபத்தில் மிதித்தது. சைக்கிள் நின்றபோது அவருக்கே நம்ப முடியவில்லை. இறங்கத் தெரியாமல் என்மேல் சாய்ந்தார், இருவரும் புல்லில் விழுந்து கிடந்து சிரித்தோம்.

நாலாவது ஞாயிறு சோதனை. பக்டரியைச் சுற்றி மூன்று வட்டம், கால் நிலத்தில் படக்கூடாது. மறுநாள் கடிதம் போகவேண்டும். அக்கா முன்னால், மாஸ்டர் பின்னால். “வளைவு வருது! பள்ளம்! கார் நிக்குது!” என்று அக்கா குரல் கொடுத்துக்கொண்டு போக, அவர் சொன்ன சொல் கேட்டுப் பின்னால் போனார். மூன்றாவது வட்டம் முடிந்ததும் டொரீன் புதுப் படிவங்களை நீட்டினார். மாஸ்டர் வாயைத் திறந்தார். அக்கா அவருக்கு முதல் டொரீனைப் பார்த்து, “ஐ கான் றைட் பைசிக்கிள்” என்றார். நான் சரி போடவில்லை. பேனையை அவரிடமே கொடுத்தேன், அவரே போட்டார்.

ஜூன் மாதம் போனார்கள். எட்டு நாளும் போன் அடிக்கும்போதெல்லாம் நான்தான் முதலில் ஓடிப்போய் எடுத்தேன். ஒரு செய்தியும் வரவில்லை.

ஜூலையில் அக்காவின் அனுபவத் தாள் தபாலில் வந்தது. முழுவதும் தமிழில், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி, இடம் போதாமல் இன்னொரு தாளும் குத்தியிருந்தார். “ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொல்லுங்கள்” என்று டொரீன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உணவு: ‘பாணும் சீஸும். கொண்டுபோன மிளகாய்த்தூள் மூன்றாம் நாளே முடிந்தது. சமையல்காரர் ருசி கண்டுவிட்டார்.’

அறை: ‘இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்ப இடமில்லை. முறை வைத்து எழும்பினோம்.’

வழிகாட்டி: ‘நல்ல பிள்ளை. பள்ளம் வந்தால் சொல்லமாட்டார். நான் சொன்னேன்.’

கடைசிக் கேள்வி, மறக்க முடியாத காட்சி எது என்பது. அந்தக் கட்டத்தில் நான் வாசித்த எல்லாத் தாளிலும் காற்றாலை என்று இருக்கும், அல்லது பூந்தோட்டம். அக்கா குத்தியிருந்த இரண்டாவது தாள் இந்தக் கேள்விக்குத்தான்.

‘ஐந்தாம் நாள் எதிர்காற்று. இவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நாளைக்கு நாங்கள் வரவில்லை என்று வழிகாட்டிக்குச் சொன்னார். அவர் வரவில்லை, நான் வருகிறேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் சொன்னேன். காலையில் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, போட்டு வாறன் என்றேன். இந்த நாற்பது வருடத்தில் அவர் எத்தனை ஆயிரம் தரம் எனக்கு அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். நான் அவருக்குச் சொன்னது அதுதான் முதல் தரம்.’

இந்த இடத்தில் நான் திணறினேன். போட்டு வாறன் என்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? ‘குட்பை’ என்றேன். டொரீன் பதறிப்போய், “விட்டுவிட்டுப் போய்விட்டாவா?” என்றார். இல்லை, போகிறேன் என்று சொல்லும்போதே வருகிறேன் என்றும் சொல்கிற சொல் அது என்று விளங்கப்படுத்தினேன். “அதற்கு அவர் என்ன சொன்னாராம்?” என்று டொரீன் கேட்டார்.

‘அப்ப மத்தியானச் சாப்பாடு என்று கேட்டார். குசினியும் இருக்கு, குசினிக்காரரும் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அணைக்கட்டு வளைகிற இடத்தில் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கப்பல் தட்டில் நின்று கை காட்டிக்கொண்டு இருந்தார். நான் எப்போதும் அவருக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு போனவள். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும், முகம் தெரியாது. வீட்டிலும் கிட்ட நின்றே பார்த்துப் பழகிவிட்டேன். மறக்க முடியாத காட்சி என்று கேட்டிருக்கிறீர்கள். தூரத்தில் நின்று பார்க்க என்ரை மனுசன் நல்ல வடிவு.’